எந்த நாட்டு ஸ்பானிஷ்? புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாராவது ஸ்பானிஷ் படிக்கப் போகிறேன் என்று சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்த நாட்டுக்காக?" என்பதுதான். பெரும்பாலும், "பொதுவா ஸ்பானிஷ்தான்" என்று பதில் வரும். அந்தப் பொது ஸ்பானிஷ் டப்பிங் படங்களில் இருக்கிறது, பாடநூல்களில் கொஞ்சம் இருக்கிறது. வாடகை வீட்டு உரிமையாளர், அரசு அலுவலர், கூட வேலை பார்ப்பவர் என்று நீங்கள் நிஜமாகப் பேச வேண்டிய ஆட்கள் யாரும் அதைப் பேசுவதில்லை. நான் படித்த இடத்தில் இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. வேலையிலும் அலுவலக வாசல்களிலும் முட்டி மோதித் தெரிந்துகொண்டதை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

என் கட்சி எளிமையானது: வாய்க்கு ஒரு நாடு, காதுக்கு எல்லா நாடும்.

1. முதலில் நாட்டை முடிவு செய்யுங்கள்

வேலை, படிப்பு, குடும்பம் என்று ஏதாவது ஒரு காரணம் உங்களை ஒரு நாட்டோடு கட்டிப்போட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், அந்த நாட்டு ஸ்பானிஷைப் பிடித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் ஊரைப் பார்த்து முடிவு செய்யலாம். கலிஃபோர்னியா, டெக்ஸஸ் என்றால் மெக்ஸிகோ வழக்கு. மயாமி என்றால் கியூபா. நியூயார்க்கில் புவெர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் வழக்குகள் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

எந்தக் காரணமும் இல்லாதவர்களுக்கு என் பரிந்துரை மெக்ஸிகோ, அல்லது கொலம்பியாவின் பொகோட்டா. ஸ்பானிஷைத் தாய்மொழியாகப் பேசுபவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் மெக்ஸிகோக்காரர். தவிர, இந்த இரண்டு இடங்களிலும் எழுத்தை விழுங்காமல் பேசுவார்கள். ஆரம்பக் காதுக்கு அது பெரிய உதவி.

"ஸ்பெயினில் பேசுவதுதான் சுத்தம், மற்றதெல்லாம் கொச்சை" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இன்றைக்கு அகராதியையும் இலக்கணத்தையும் வெளியிடுவது மாட்ரிட் அகாதமி மட்டும் அல்ல. 23 அகாதமிகள் கூடித்தான் வெளியிடுகின்றன.

பார்சலோனாவுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே தெருப்பலகையிலும் நகராட்சிப் படிவத்திலும் பார்க்கப்போவது கத்தலான். அது ஸ்பானிஷின் வட்டார வழக்கு இல்லை, தனி மொழி. அங்கே ஸ்பானிஷைக் குறிப்பிட 'எஸ்பாஞோல்' என்பதைவிட 'காஸ்தெயானோ' என்று சொல்வது பாதுகாப்பு. அர்ஜென்டினாவிலும் 'காஸ்தெயானோ'தான் அதிகம் புழங்குகிறது.

2. ஆசிரியரையும் புத்தகத்தையும் அதற்கேற்ப தேடுங்கள்

பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆசிரியர் எந்த நாட்டு ஸ்பானிஷ் பேசுகிறார்? பாடநூல் எங்கே அச்சானது? கேட்கும் பயிற்சிக்கான ஒலிப்பதிவுகளில் எந்த நாட்டுக் குரல்கள் இருக்கின்றன? பதில் மழுப்பலாக வந்தால் அது ஸ்பெயின் புத்தகமாகத்தான் இருக்கும்.

ஸ்பெயின் புத்தகம் கிடைத்தால் தூக்கிப்போட வேண்டியதில்லை. வினைச்சொல் அட்டவணையில் 'போசோத்ரோஸ்' (பலரைப் பார்த்துச் சொல்லும் 'நீங்கள்') என்ற வரி மட்டும் லத்தீன் அமெரிக்காவில் பேச்சுக்கு வராது. அதைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும், மனப்பாடம் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். அதே மாதிரி, இன்றைக்குச் சாப்பிட்டதைச் சொல்ல ஸ்பெயினில் 'எ கொமீதோ' என்பார்கள். மெக்ஸிகோவிலும் அர்ஜென்டினாவிலும் 'கொமீ' என்று முடித்துவிடுவார்கள். புத்தகம் இந்த இடத்தில் பக்கம் பக்கமாகப் பயிற்சி தரும். மெக்ஸிகோவுக்குப் போகிறவர் பாதியைத் தாண்டிப் போகலாம்.

செலவு விஷயத்தில் என் அனுபவம்: அடிப்படை நிலையை (ஏ1) குழு வகுப்பில் முடித்துவிடுங்கள், அதற்குத் தனி ஆசிரியர் வைப்பது பணவிரயம். அடுத்த நிலையான ஏ2 தொடங்கியதும் நீங்கள் தேர்ந்தெடுத்த நாட்டுக்காரர் ஒருவரிடம் மணிக் கணக்கில் பணம் கட்டி இணையத்தில் பேசிப் பழகுங்கள். கொலம்பியா, வெனிசுவேலா ஆசிரியர்கள் ஸ்பெயின்காரர்களைவிடப் பொதுவாகக் குறைவாகத்தான் வாங்குகிறார்கள். நேர வித்தியாசத்தையும் கணக்கில் எடுங்கள். பொகோட்டாவில் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு இரவு ஏழரை. வேலை முடிந்து வந்து உட்காரத் தோதான நேரம்.

கையோடு கைபேசியின் மொழியையும் மாற்றிவிடுங்கள். அமைப்புகளில் ஸ்பெயின், மெக்ஸிகோ, லத்தீன் அமெரிக்கா என்று தனித்தனியாக இருக்கும். சப்டைட்டிலிலும் அப்படித்தான்.

3. உச்சரிப்பு: தமிழ் வாயை நம்புங்கள்

இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது, ஆனால் ஆங்கிலம் வழியாகப் படிப்பதால் அதைத் தொலைத்துவிடுகிறோம். ஸ்பானிஷில் 'ட' இல்லை, 'த'தான். 'டாக்கோ' இல்லை, 'தாக்கோ'. 'பத்து' என்று சொல்லும்போது நாக்கு எங்கே படுகிறதோ அங்கேயே படட்டும். 'அது', 'இது' என்பதில் மெல்லத் தொட்டுவிட்டு நழுவும் ஒலிதான் ஸ்பானிஷில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் 'த'வும். ஞகரம் நம்மிடம் அப்படியே இருக்கிறது. பழக வேண்டியது 'பெரோ' (ஆனால்), 'பெர்ரோ' (நாய்) இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டாவதில் நாக்கு உருள வேண்டும்.

இதெல்லாம் எல்லா நாட்டுக்கும் பொது. நாட்டுக்கு நாடு மாறுவதில் முக்கியமானவை இவை.

ஸ்பெயினின் வடக்கிலும் மாட்ரிட்டிலும் 'கிராசியாஸ்' என்பதன் நடு 'ஸி'யை நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் நீட்டிச் சொல்வார்கள். லத்தீன் அமெரிக்கா முழுக்க, ஸ்பெயினைச் சேர்ந்த கேனரித் தீவுகளில், தென் ஸ்பெயினின் ஆந்தலூசியாவில் பல இடங்களில் வெறும் 'ஸ'தான். மாட்ரிட்டுக்குப் போகிறவர்கள்கூட 'ஸ' என்றே சொல்லலாம், யாருக்கும் புரியாமல் போகாது. ஆனால் 'காசா' (வீடு), 'காஸா' (வேட்டை) இரண்டும் மாட்ரிட்காரர் வாயில் வேறு வேறு ஒலி. காது அதைப் பிரித்தறிய வேண்டும்.

புவெனோஸ் ஐரிஸ் (அர்ஜென்டினா), மோன்தெவிதேயோ (உருகுவாய்) பக்கம் 'ய' ஒலி 'ஷ' ஆகிவிடும். தெருவைக் குறிக்கும் 'காயே' அங்கே 'காஷே'. 'யோ' (நான்) 'ஷோ'. இது ஒரே விதி, ஒரு வாரத்தில் பழகிவிடும்.

கஷ்டமானது மூன்றாவது. கியூபா, டொமினிக்கன் குடியரசு, புவெர்ட்டோ ரிக்கோ, சிலே, ஆந்தலூசியா ஆகிய இடங்களில் சொல் முடிவில் வரும் 'ஸ்' மெலிந்து மூச்சாகிவிடும், அல்லது காணாமலே போய்விடும். 'லோஸ் அமீகோஸ்' (நண்பர்கள்) என்பது 'லோ(ஹ்) அமீகோ' என்று கேட்கும். ஒருமையா பன்மையா என்று காட்டும் அடையாளமும் அதோடு போய்விடுகிறது. புவெர்ட்டோ ரிக்கோவில் கூடுதலாக 'ர்' 'ல்' ஆகும். 'பெர்தோன்' (மன்னிக்கவும்) என்று நீங்கள் படித்தது 'பெல்தோன்' என்று வரும். இதை நீங்கள் பேச முயல வேண்டாம். கேட்டுப் பழகுங்கள், அது போதும்.

4. நீ, நீங்கள்: மூன்று சொல், மூன்று ஆபத்து

'தூ' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள். பாடநூல் இதோடு நிறுத்திவிடும்.

அர்ஜென்டினா, உருகுவாய், பராகுவாயில் 'தூ' கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'போஸ்'தான். வினைச்சொல்லும் மாறும். 'தூ தியேனெஸ்' என்பது 'போஸ் தெனேஸ்' ஆகும், 'தூ எரெஸ்' என்பது 'போஸ் சோஸ்' ஆகும். மத்திய அமெரிக்காவின் பல நாடுகளிலும், கொலம்பியாவில் மெதெயீன், காலி பக்கமும் 'போஸ்' உண்டு. நீங்கள் 'தூ' என்று பேசினால் யாரும் கோபிக்க மாட்டார்கள், வெளியூர்க்காரர் என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் அவர்கள் சொல்வது உங்களுக்குப் புரிய வேண்டும். புவெனோஸ் ஐரிஸ் போகிறவர்கள் முதல் நாளிலிருந்தே 'போஸ்' படியுங்கள். அதன் வினைவடிவங்கள் 'தூ'வைவிட எளிது, ஒழுங்கானவை.

பொகோட்டாவிலும் கோஸ்டா ரிக்காவிலும் வேறு கதை. நண்பர்கள், கணவன் மனைவி, குழந்தைகள் எல்லோரிடமும் 'உஸ்தெத்' புழங்கும். கோவைப் பக்கம் சின்னப் பையனையும் "வாங்க கண்ணு" என்பார்களே, அந்த மாதிரி. அங்கே 'உஸ்தெத்' என்று அழைத்தால் உங்களை விலக்கி வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்பெயின் இதற்கு நேரெதிர். வங்கி ஊழியர்கூட முதல் நிமிடத்திலேயே 'தூ'வுக்கு வந்துவிடுவார். மெக்ஸிகோவில் அலுவலகம், பெரியவர்கள் என்றால் 'உஸ்தெத்'தான். சொன்னது காதில் விழவில்லை என்றால் அங்கே 'கே?' என்று கேட்காதீர்கள், 'மாந்தே?' என்று கேளுங்கள். மெக்ஸிகோவுக்கு வெளியே பல இடங்களில் அதே சொல் வேடிக்கையாகத் தெரியும்.

பலரைச் சேர்த்து அழைக்க ஸ்பெயினில் 'போசோத்ரோஸ்', கேனரித் தீவுகளிலும் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் 'உஸ்தேதெஸ்'. அவ்வளவுதான்.

5. காகிதங்கள்: இங்கேதான் அதிகம் அடிபடுவீர்கள்

காய்கறிப் பெயர் தெரியாவிட்டால் விரலைக் காட்டி வாங்கிவிடலாம். காகிதத்தின் பெயர் தெரியாவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அதனால் கிளம்புவதற்கு முன்பே உங்கள் நாட்டுக்கான அலுவலகச் சொற்களைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவு: ஸ்பெயினில் 'சீத்தா ப்ரேபியா' இல்லாமல் பல அலுவலகங்களில் உள்ளே விடமாட்டார்கள். அர்ஜென்டினாவில் அதே விஷயத்துக்கு 'தூர்னோ' எடுக்க வேண்டும். சிலேயில் மருத்துவரிடம் 'ஓரா' கேட்க வேண்டும், அதாவது சொல்லளவில் 'மணி'. 'சீத்தா' என்று கேட்டாலும் புரியும். ஆனால் இணையதளத்தில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தேடும்போது இந்தச் சொல்தான் கண்ணில் பட வேண்டும்.

அடையாளம்: ஸ்பெயினில் வெளிநாட்டவர் எண் 'நியே', அட்டை 'தியே'. இரண்டும் ஒன்றல்ல, எண் கையில் இருந்தும் அட்டை இன்னும் வராமல் இருக்கலாம். கொலம்பியா, எக்குவடோர், உருகுவாயில் 'செதுலா'. சிலேயில் 'ருத்' எண் இல்லாமல் கைபேசி இணைப்பு வாங்குவதுகூடப் பாடு. மெக்ஸிகோவில் 'குர்ப்'.

முகவரிச் சான்று: மெக்ஸிகோவில் 'கொம்ப்ரொபாந்தே தெ தொமிசீலியோ' என்று கேட்டால் பெரும்பாலும் சமீபத்திய மின்கட்டண ரசீது போதும். ஸ்பெயினில் மின்ரசீதை நீட்டினால் வேலைக்காகாது. நகராட்சியில் குடியிருப்பைப் பதிந்து 'எம்பத்ரொனமியேந்தோ' வாங்க வேண்டும். அதிலும் 'பொலாந்தே', 'செர்திஃபிகாதோ' என்று இரண்டு வகை. எது தேவை என்று முதலிலேயே கேளுங்கள். பழைய தேதியில் இருந்தால் ஏற்க மாட்டார்கள், வழக்கமாக மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும்.

சம்பளச் சீட்டு: ஸ்பெயினில் 'நோமினா', அர்ஜென்டினாவில் 'ரெசீபோ தெ சுவேல்தோ', சிலேயில் 'லிகிதாசியோன் தெ சுவேல்தோ'. வேறு சில நாடுகளில் 'லிகிதாசியோன்' என்றால் வேலையை விட்டுப் போகும்போது கணக்கு முடிப்பது. சிலே நிறுவனத்திலிருந்து அந்தத் தலைப்பில் முதல் மாதமே மின்னஞ்சல் வந்தால் பதற வேண்டாம்.

வாடகை: ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் 'அல்கிலேர்', மெக்ஸிகோவில் 'ரென்தா', கொலம்பியாவிலும் சிலேயிலும் 'அர்ரியேந்தோ'. வீடே ஸ்பெயினில் 'பீஸோ', மெக்ஸிகோவிலும் அர்ஜென்டினாவிலும் 'தெபர்தமேந்தோ'. சரியான சொல்லைப் போட்டுத் தேடினால்தான் நல்ல விளம்பரங்கள் கண்ணில் படும்.

மொழிபெயர்ப்பு: பணம் அதிகம் போகிற இடம் இது. நம்முடைய பிறப்புச் சான்றிதழ், பட்டம், காவல்துறைச் சான்று எதுவானாலும் முதலில் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லும்படி போடும் அத்தாட்சி), அதன் பிறகுதான் மொழிபெயர்ப்பு. வரிசையை மாற்றினால் அப்போஸ்டில் பக்கத்தை மொழிபெயர்க்க மறுபடியும் காசு கொடுக்க வேண்டிவரும். பட்டச் சான்றிதழுக்கு அதற்கும் முன்னால் மாநில அரசின் சரிபார்ப்பு உண்டு. அப்போஸ்டிலுக்கான அரசுக் கட்டணம் சொற்பம்தான், ஏஜென்ட் வாங்குவதுதான் பெரிய தொகை. இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள்.

மொழிபெயர்ப்பவர் யார் என்பதும் நாட்டைப் பொறுத்தது. ஸ்பெயினுக்கு 'த்ரதுக்தோர் ஹுராதோ' வேண்டும், பட்டியல் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத் தளத்தில் இருக்கிறது. அர்ஜென்டினாவுக்கு 'த்ரதுக்தோர் பூப்ளிகோ'. அவர் செய்ததை மொழிபெயர்ப்பாளர் சங்கத்தில் கொடுத்து உறுதிப்படுத்தவும் வேண்டும். மெக்ஸிகோவுக்கு 'பெரீதோ த்ரதுக்தோர்'. கொலம்பியாவுக்கு 'த்ரதுக்தோர் ஒஃபிசியால்'. ஒரு நாட்டுக்காகச் செய்த மொழிபெயர்ப்பை இன்னொரு நாட்டில் கொடுத்து ஒப்பேற்றலாம் என்று எண்ணாதீர்கள். காவல்துறைச் சான்றுக்குக் காலக்கெடுவும் உண்டு, வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம். எல்லாவற்றுக்கும் கடைசியில் அதை வாங்குங்கள்.

நோட்டரி: ஸ்பெயின், மெக்ஸிகோவில் 'நொத்தாரியோ', அர்ஜென்டினா, உருகுவாயில் 'எஸ்கிரிபானோ'. இருவருமே சட்டம் படித்தவர்கள். அமெரிக்காவில் 'நொத்தாரியோ' என்று பலகை மாட்டியிருப்பவர் வக்கீலாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. குடியேற்ற வேலையை அவரிடம் கொடுத்து ஏமாந்தவர்கள் நிறைய.

பெயர்: ஸ்பெயின் படிவம் 'ப்ரிமேர் அபெயீதோ, செகூந்தோ அபெயீதோ' என்று இரண்டு குடும்பப் பெயர் கேட்கும். மெக்ஸிகோ படிவம் அதையே 'பதெர்னோ, மதெர்னோ' என்று அப்பா வழி, அம்மா வழியாகக் கேட்கும். நமக்கோ இருப்பது ஒரு பெயரும் அப்பா பெயரும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே நிரப்புங்கள், இரண்டாவது கட்டத்தைக் காலியாக விடுங்கள். முதல் அலுவலகத்தில் எப்படிப் பதிந்தார்களோ, அதையே எல்லா இடத்திலும் தொடருங்கள்.

கொலம்பியாவில் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர், "மெ ரெகாலா சு ஃபீர்மா?" என்று பேனாவை நீட்டுவார். உங்கள் கையெழுத்தைப் பரிசாகத் தருவீர்களா என்று அர்த்தம். இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்கிறார், அவ்வளவுதான். அடுத்து அடையாள அட்டையையும் அப்படித்தான் கேட்பார். அட்டை திரும்ப வந்துவிடும்.

6. எண், பணம், நேரம்

ஸ்பெயின், அர்ஜென்டினா, சிலே, கொலம்பியாவில் புள்ளி என்பது ஆயிரத்தைப் பிரிக்க, காற்புள்ளி தசமத்துக்கு. மெக்ஸிகோவிலும் மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் நம்மைப் போல. 1.500 என்று எழுதினால் மாட்ரிட்டில் ஆயிரத்து ஐந்நூறு, மெக்ஸிகோவில் ஒன்றரை. எக்செல் கோப்பு அனுப்பும் முன் கணினியின் வட்டார அமைப்பைப் பாருங்கள். 'பியோன்' என்பது ஆங்கிலப் பில்லியன் இல்லை, நம் கணக்கில் ஒரு லட்சம் கோடி. நூறு கோடிக்கு 'மில் மியோனெஸ்' என்பார்கள்.

டாலர் குறியைப் பார்த்ததும் அமெரிக்க டாலர் என்று கணக்குப் போடாதீர்கள். மெக்ஸிகோ, அர்ஜென்டினா, சிலே, கொலம்பியா எல்லாமே தங்கள் பேசோவுக்கு அதே குறியைத்தான் போடுகின்றன. சிலேயில் ஒருவர் வாடகை '450 லூக்காஸ்' என்றால் நான்கரை லட்சம் பேசோ. பெருவில் ஒரு லூக்கா என்பது அந்த நாட்டு நாணயத்தில் ஒரே ஒரு சோல்.

'இப்போதே' என்பதற்கான சொற்களை வேலைக்குப் போகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். மெக்ஸிகோவில் 'ஆவொரீத்தா' என்றால் இந்த நொடியாகவும் இருக்கலாம், சாயங்காலமாகவும் இருக்கலாம். புவெர்ட்டோ ரிக்கோவில் அது 'அப்புறம்' என்ற பொருளில்தான் வரும். சிலேயில் 'அல் தீரோ' என்றால் உடனே. எந்த நாடானாலும் மணி என்ன என்று கேட்டு மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்வது என் வழக்கம்.

7. வாயைத் திறக்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய சில சொற்கள்

'கோஹேர்': ஸ்பெயினில் பேருந்தைப் பிடிப்பதற்கும் பொருளை எடுப்பதற்கும் நாள் முழுக்கச் சொல்வார்கள். மெக்ஸிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது படுக்கையறைக் கெட்டவார்த்தை. அங்கே 'தொமார்' என்று சொல்லுங்கள்.

'கொன்ஸ்திபாதோ': மாட்ரிட் மருந்துக் கடையில் சளி பிடித்திருக்கிறது என்று பொருள். மெக்ஸிகோ மருந்துக் கடையில் மலச்சிக்கல். மருந்து மாறிவிடும்.

'குவாகுவா': கியூபா, புவெர்ட்டோ ரிக்கோ, கேனரித் தீவுகளில் பேருந்து. சிலேயில் கைக்குழந்தை. பேருந்துக்கு மெக்ஸிகோ நகரத்தில் 'காமியோன்' என்பார்கள், மற்ற நாடுகளில் அது லாரி.

'தீன்தோ' கேட்டால் ஸ்பெயினில் சிவப்பு ஒயின் வரும், கொலம்பியாவில் கறுப்புக் காப்பி வரும். 'தொர்த்தீயா' ஸ்பெயினில் உருளைக்கிழங்கு முட்டைப் பொரியல், மெக்ஸிகோவில் சோள ரொட்டி. சைவக்காரர்கள் கவனிக்க. மற்ற சாப்பாட்டுச் சொற்கள் போகப் போகத் தானாக வரும்.

8. தேர்வு

சான்றிதழ் வேண்டுமானால் மூன்று வழி.

'தேலே' (டி-இ-எல்-இ) ஸ்பெயின் அரசின் சான்று, செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்துகிறது. காலாவதி கிடையாது. ஆண்டில் சில குறிப்பிட்ட தேதிகளில்தான் நடக்கும், பதிவு பல வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும், முடிவு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். விசா, சேர்க்கை என்று கெடு வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு முன்பே திட்டமிடுங்கள். பி2 (இடைநிலையின் மேல்படி) வரை மதிப்பெண் இரண்டு பிரிவாக இருக்கும்: வாசிப்பும் எழுத்தும் 50, கேட்பதும் பேசுவதும் 50. ஒவ்வொன்றிலும் 30 எடுக்க வேண்டும். வாசிப்பில் அள்ளிவிட்டுக் கேட்பதில் கோட்டைவிட்டால் தேறமாட்டீர்கள். மேல் நிலைகளில் கேட்கும் பகுதியில் பல நாட்டுக் குரல்கள் வரும், ஸ்பெயின் மட்டும் பழகியவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

'சியேலே' கணினித் தேர்வு. செர்வாந்தேஸோடு மெக்ஸிகோ, சலமான்கா, புவெனோஸ் ஐரிஸ் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்துகின்றன. முடிவு மூன்று வாரத்துக்குள் வந்துவிடும், ஆனால் ஐந்து ஆண்டுதான் செல்லும். அவசரத்துக்கு இதுதான். எதிரில் ஆள் இருக்க மாட்டார், மைக்கில் பேசிப் பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனியாகப் பழகுங்கள்.

'செலு' அர்ஜென்டினாவுடையது. இடைநிலை, உயர்நிலை இரண்டு மட்டும். அடிப்படை நிலைக்கு இது கிடையாது.

ஸ்பெயின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க 'தேலே' ஏ2 அல்லது அதற்கு மேல் வேண்டும். இதற்காக மட்டும் எழுதுகிறவர்கள் உயர்நிலைக்குப் பணம் கட்ட வேண்டாம்.

'போஸ்' எழுதினால் மதிப்பெண் போய்விடுமோ என்று பலர் கேட்கிறார்கள். போகாது. படித்தவர்கள் பேசும் எந்த நாட்டு வழக்கையும் ஏற்கிறார்கள். ஒரே கடிதத்தில் முதல் வரியில் 'போசோத்ரோஸ்', மூன்றாம் வரியில் 'போஸ்', நடுவில் மெக்ஸிகோ சொல் என்று கலந்தடித்தால்தான் சிக்கல். கட்டணம் நாட்டுக்கு நாடு, நிலைக்கு நிலை வேறு. பதிவு செய்யும் மையத்தின் பக்கத்திலேயே பாருங்கள், இடைத்தரகர் சொல்வதை நம்ப வேண்டாம். பதிவுப் படிவத்தில் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கு எழுத்து அப்படியே தட்டுங்கள். சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு.